ஊர் திரும்பாத சரக்கு

விஷ்ராந்த்வாடி, புனே
9 பிப்ரவரி 2025

கிறிஸ்துவுக்குள் அன்பான அத்தானுக்கு,

ஈனிட் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நான் சுகம். முட்டிவலி குளிரோடு வந்தது, குளிரோடு போய்விடும் போலிருக்கிறது. உங்கள் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவும். ‘நார்மல்’ என்று எழுத வேண்டாம். எண் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவது பேச்சாகவே இல்லை. “சாப்பிட்டியா”, “சாப்பிட்டேன்” என்பதற்குள் லைன் போய்விடுகிறது. “இந்தக் காலத்துல யாரும்மா லெட்டர் போடுவா?” என்று நம் பெண் ஃபேபியோலா சிரிக்கிறாள். அவளுக்கென்ன, புருஷன் பக்கத்து அறையில் இருக்கிறார். உங்கள் ஊர்ச் செயலி இங்கே ஓடாது, எங்கள் வாட்ஸ்அப் அங்கே ஓடாது. இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் சண்டை போட்டு நடுக்கதவை அடைத்துவிட்டார்கள். தபால்காரருக்கு மட்டும் ஜன்னல் திறந்திருக்கிறது. உறைமேல் உங்கள் முகவரியைச் சீன எழுத்தில் எழுதுவதற்குத்தான் என் காலை வேளை போகிறது. எழுதுகிறேன் என்று சொல்லக் கூடாது. பார்த்துப் பார்த்து வரைகிறேன்.

கீழ்வீட்டு நீலா தாயி பெரிய மோட்டார் போட்டது நினைவிருக்கிறதா? முதலில் நம் கட்டடச் சொசைட்டியே சண்டைக்குப் போனது. பிறகு அவள் எப்போது மோட்டார் போடுகிறாளோ அதற்கு முன்னால் எழுந்து தண்ணீர் பிடித்தோம். இப்போது எல்லோரும் அவள் தொட்டியிலிருந்தே குழாய் இழுத்திருக்கிறோம். சொந்த மோட்டார்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. பத்தாம் வகுப்புக்கு சீனாவைப்பற்றி நான் பாடம் எடுத்தபோது இந்த உதாரணம் கிடைக்காமல் போயிற்று. போசரியில் உங்கள் டார்ச் ஃபாக்டரி மூடியதும் அப்படித்தானே? நீங்கள் ஃபோர்மேனாக நின்று செய்த டார்ச்சைவிட மலிவாக, கப்பலேறி வந்த டார்ச் கடையில் தொங்கியது. முதலாளி இறக்குமதிக்காரர் ஆனார். அங்கே சரக்கை நின்று பார்த்து அனுப்ப ஆள் வேண்டும், இரண்டு வருஷம் போதும் என்று உங்களை அனுப்பினார். அந்த இரண்டு வருஷத்தில்தான் ஃபேபியோலா பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, கல்யாணமும் முடித்தாள்.

நான் ரிட்டையர் ஆகும் நாளில் நீங்களும் ஆகிவிடுவதாகச் சொன்னீர்கள். நான் ஆகிவிட்டேன். வேறொன்றுமில்லை, நினைவுபடுத்தினேன்.

உங்கள் தலைமாட்டில் என் ஜெபம் இருக்கும்.
ஈனிட்


யீவூ, சீனா
16 மார்ச் 2025

பிரியமுள்ள ஈனிட்டுக்கு,

நான் சுகம். உன் முட்டிக்கு அந்தப் பச்சைத் தைலம் தடவுகிறாயா? நீ வரைந்த முகவரியில் ஒரு கோடு கூடுதல் என்று எங்கள் கட்டடத்துக் காவல்காரர் சொன்னார். சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுதான் முக்கியம்.

நீலா தாயியின் மோட்டார் நல்ல உதாரணம். இங்கே வந்து பார்த்தால் மோட்டார் என்று சொல்ல மாட்டாய், அணைக்கட்டு என்பாய். சந்தைக் கட்டடத்துக்குள் பொத்தான் கடைகள் மட்டும் ஒரு தெரு நீளத்துக்கு இருக்கின்றன. உலகத்தில் எந்தச் சட்டைக்குப் பொத்தான் அறுந்தாலும் இங்கே வந்துதான் ஆக வேண்டும். கெய்ரோக்காரர் ஒருவர் வருஷா வருஷம் வருவார். முன்பெல்லாம் அவர் கணக்கு முழுக்க டாலரில்தான். இப்போது போனைத் தட்டி யுவானாகவே கட்டிவிடுகிறார். “என் காசை டாலராக்கி, அந்த டாலரை யுவானாக்கி, நடுவில் இருக்கிற இரண்டு பேருக்கு நான் ஏன் டீ வாங்கித் தர வேண்டும்?” என்று கேட்கிறார். சின்ன வியாபாரி. ஆனால் அப்படி எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று நினைத்துப்பார்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. கிடங்கு வைத்திருக்கும் கோயம்புத்தூர்ச் சந்துரு நேற்று சாம்பார் கொண்டுவந்தான். உன் கையின் காரம் அதில் எங்கே.

வருவதைப்பற்றி, இந்த சீசன் போகட்டும். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

எட்மண்ட்


விஷ்ராந்த்வாடி
22 ஏப்ரல் 2025

அன்பான அத்தானுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். நான் கேட்ட எண் இன்னும் வரவில்லை.

உங்கள் கெய்ரோக்காரரை எனக்குப் பிடித்துவிட்டது. நம் சபையின் அறுப்பின் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள். கேக் வாங்கினாலும் ஊறுகாய் வாங்கினாலும் முதலில் வாசல் மேசையில் கூப்பன் வாங்க வேண்டும். கூப்பன் மேசைக்காரர் ஒன்றும் சமைப்பதில்லை. ஆனாலும் எல்லோரும் அவர் முன்னால்தான் வரிசையில் நிற்கிறோம். ஒரு வருஷம் பிரியாணிக் கடை மிகப் பெரிதாகிவிடுகிறது என்று வையுங்கள். அந்தக் கடை தானே ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கிறது. ஊறுகாய்க்காரி, ‘எப்படியும் மத்தியானம் பிரியாணிதானே வாங்கப்போறேன்’ என்று அந்தச் சீட்டையே வாங்கிக்கொள்கிறாள். கூப்பன் மேசை அன்றைக்கே மூடிவிடாது. ஆனால் அதில் உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி எழுந்து பிரியாணிக் கடைப் பக்கம் எட்டிப்பார்ப்பார். டாலரும் யுவானும் எனக்கு இப்படித்தான் புரிகிறது. சரியா?

அமெரிக்கா சீனச் சரக்குக்கு வரியை ஏற்றிக்கொண்டே போகிறது என்று பேப்பரில் படித்தேன். உங்களுக்கு அதனால் வேலைச் சிரமம் உண்டா?

ஒரு சமாச்சாரம். சபைச் செயலர் ஜெபமணி அண்ணன் இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி காகித நட்சத்திரம் தொங்க வேண்டும் என்கிறார். நடுவில் தமிழில் ‘மேசியா பிறந்தார்’ என்று இருக்க வேண்டுமாம். “எட்மண்ட் அங்கதான இருக்காரு, அவரு கண்ணுல பட்டு வர்ற சரக்குல பழுது இருக்குமா டீச்சர்?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாக ஒன்று. முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கண் எனக்கு. உங்கள் கடிதத்தில் வரிகள் வலப்பக்கம் போகப்போக மேலே ஏறுகின்றன. எழுத்தும் பெரிதாகிவிட்டது. ஏன்?

காத்திருக்கும்,
ஈனிட்


யீவூ
1 ஜூன் 2025

பிரியமுள்ள ஈனிட்,

சுகம். பேனா சரியில்லை, மேசையும் ஆடுகிறது. அவ்வளவுதான்.

நட்சத்திர ஆர்டரை எடுத்துக்கொண்டேன். ஜெபமணியிடம் சொல்.

கூப்பன் உதாரணத்தைச் சந்துருவிடம் சொன்னேன். “அக்கா பேங்க்ல இருந்திருக்க வேண்டியவங்க” என்றான். வரி ஏறிய மாதத்தில் சந்தை எப்படி இருந்தது தெரியுமா? அமெரிக்காவுக்கென்று கட்டிய பெட்டிகள் கிடங்கு வாசலில் அப்படியே நின்றன. அழுது ஓய்வார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் பெட்டிமேல் இருந்த ஸ்டிக்கரை உரித்துவிட்டு மெக்சிகோ, நைரோபி, துபாய் என்று வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். பிறகு வரி இறங்கியது. அதற்குள் பாதிச் சரக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. ஒரு வாசலை அடைத்தால் வேறு வாசல் தேடும் வீடு இது.

எங்கள் வேலையில் மூன்று முத்திரை உண்டு. பாஸ் என்றால் கப்பலுக்குப் போகும். ரிஜெக்ட் என்றால் போகாது. சந்தேகமாக இருந்தால் ஹோல்ட். ஹோல்ட் போட்ட பெட்டி சுவரோரமாக நிற்கும். யாரும் அதைத் தொட மாட்டார்கள். சில பெட்டிகள் வருஷக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை. அங்கே மழை வந்துவிட்டதா? மாடிக் கதவில் தண்ணீர் இறங்கும், சாக்கு போடு.

எட்மண்ட்


விஷ்ராந்த்வாடி
22 ஜூன் 2025

அன்பான அத்தானுக்கு,

சாக்கு போட்டுவிட்டேன். மழையோடு பால்கிப் பல்லக்கு ஊர்வலமும் வந்து போயிற்று. ஆளந்தி ரோடு முழுக்க வெள்ளைக் குல்லாய். ரிக்ஷா, பஸ் ஒன்றும் நகரவில்லை. நீலா தாயியோடு நானும் வாசலில் நின்று நடந்துவந்தவர்களுக்கு டீ ஊற்றினேன். ஒரு கிழவியிடம், இவ்வளவு தூரம் நடந்துபோய் அங்கே சாமியிடம் என்ன கேட்பீர்கள் என்று இந்தியில் கேட்டேன். “கேட்பதற்கு என்ன இருக்கிறது அம்மா? பார்த்துவிட்டு வருவேன்” என்றாள்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை. எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை அத்தான். பார்த்தால் போதும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகத் திருப்புவீர்களே, அது எனக்கு எப்போதும் எரிச்சல். இப்போது நானே சத்தமாகத் திருப்பிப்பார்க்கிறேன். அந்தச் சத்தம் வரவில்லை.

லோகேகாவ் ஏர்போர்ட் விமானங்கள் நம் மாடிக்கு மேலேதான் இறங்குகின்றன. சீனாவுக்கு மறுபடி நேரடி விமானம் விடப்போகிறார்களாம். வரைபடத்தில் சீனாவுக்கு எத்தனை முறை குச்சி வைத்துக் காட்டியிருப்பேன். அது இவ்வளவு தூரம் என்று அப்போது தெரியாது.

நேராகவே கேட்கிறேன். நாம் இருவரும் பாஸா, ரிஜெக்டா, ஹோல்டா?

ஈனிட்


விஷ்ராந்த்வாடி
31 ஆகஸ்ட் 2025

அன்பான அத்தானுக்கு,

சுகமென்று நம்புகிறேன். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை. போனிலும் சந்துரு தம்பிதான் எடுத்து “அண்ணன் வெளியே போயிருக்கார்” என்கிறார். ஒருவேளை முகவரியில் இந்த முறை கோடு குறைந்துவிட்டதோ என்னவோ.

குடை வாங்க கேம்ப் கடைத்தெருப் பக்கம் போனபோது உங்கள் முதலாளி மகன் ஜெயந்த்தின் கடைக்குள் போனேன். இப்போது அப்பாவுக்குப் பதில் அவன்தான் முதலாளி. “ஆன்ட்டி, உட்காருங்க” என்று நாற்காலி போட்டு சாய் வாங்கிக்கொடுத்தான். சாக்கணில் மறுபடி ஃபாக்டரி போடுகிறானாம். டார்ச்சும் எல்இடி விளக்கும் செய்யப்போகிறான். இறக்குமதிக்கு இப்போது சட்டதிட்டம் அதிகம், இங்கேயே செய்தால்தான் கட்டுப்படி ஆகுமாம். இயந்திரம் எங்கிருந்து என்று கேட்டேன். “சீனாதான் ஆன்ட்டி, வேற யாரு?” என்று சிரித்தான். அங்கே சரக்கு பார்க்கும் வேலையைப்பற்றியும் சொன்னான். இப்போது ஃபாக்டரியிலேயே கேமரா வைத்திருக்கிறார்களாம், மனிதக் கண்ணைவிட வேகமாகப் பழுது கண்டுபிடிக்குமாம். அப்புறம் சீனப் புத்தாண்டு விடுமுறையைப்பற்றி ஏதோ சொன்னான், எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துக்கொண்டு. நானும் தெரிந்த மாதிரி தலையாட்டினேன். சாயைக் குடித்து முடித்தேன். குடை வாங்காமல் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வகுப்பில் ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்றால் எனக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன். அவனே எழுந்து சொல்லும்வரை கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருப்பேன். இப்போதும் திரும்பித்தான் நிற்கிறேன்.

உங்கள் ஈனிட்


யீவூ
28 செப்டம்பர் 2025

ஈனிட்,

நீ திரும்பி நின்றாய், அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஜெயந்த் சொன்னது உண்மைதான். பிப்ரவரியில் புத்தாண்டு விடுமுறை முடிந்து போனபோது, இனி வர வேண்டாம் என்றார்கள். ஒரு லாட் டார்ச்சை நான் பாஸ் செய்துவிட்டேன். கண்ணாடி எல்லாம் கீறல். உன் முதல் கடிதம் வந்தபோதே நான் சந்துருவின் கிடங்கில் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் கம்பெனியில் என் பெயரைச் சேர்த்துத் தங்க வைத்திருக்கிறான். நல்ல பையன்.

நீ கேட்டதற்குப் பதில். ரிஜெக்ட் ஆன சரக்கை ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள் என்று நினைக்கிறாயா? அனுப்ப மாட்டார்கள். கப்பல் கூலி சரக்கின் விலையைவிட அதிகம். அப்படிப்பட்ட சரக்குக்கென்று இங்கே தனிச் சந்தை இருக்கிறது. கிடைத்த விலைக்குப் போகும். இத்தனை வருஷத்தில் ஒரு பெட்டிகூட ஊர் திரும்பி நான் பார்க்கவில்லை.

ஃபோர்மேனாக இருந்தவன் நான். அந்த சொசைட்டிப் படிக்கட்டில் எப்படி ஏறுவேன்?

நட்சத்திரங்கள் நிங்போ துறைமுகத்தில் கப்பலேறிவிட்டன. ஒவ்வொன்றாக என் கையில் வாங்கிப் பார்த்துத்தான் அனுப்பினேன்.

எட்மண்ட்


விஷ்ராந்த்வாடி
2 டிசம்பர் 2025

என் பிரியமான அத்தானுக்கு,

நான் சுகம், நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினால் பொய். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. நட்சத்திரம் வரட்டும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டது.

சபை அலுவலகத்தில் பெட்டியைப் பிரித்ததும் ஜெபமணி அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். “ஏ டீச்சர், இங்க வாங்க. மசேயான்னு யாரு டீச்சர் பொறந்தா?”

பார்த்தேன். ‘மே’ போடத் தெரியாத அச்சு இயந்திரம் கொம்பை மகரத்துக்கு முன்னால் வைக்காமல் பின்னால் வைத்துவிட்டது. அது போய் அடுத்த ‘சி’யின் கொக்கியைத் தள்ளிவிட்டு அங்கே ஒட்டிக்கொண்டது. எல்லா நட்சத்திரத்திலும் இதே கதை. “எட்மண்ட் பாத்தா அனுப்பினாரு?” என்று அண்ணன் கேட்டார்.

ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து விரித்தேன். மடிப்பு ஒவ்வொன்றும் கச்சிதம். பசை வெளியே பிதுங்கவில்லை. நூல் முடிச்சு இறுக்கம். கம்பியில் பிசிறு இல்லை. விரலால் பார்க்கக்கூடியது அத்தனையும் பாஸ். கண்ணால் பார்க்க வேண்டியது மட்டும் தப்பு. அந்த விரல்களை எனக்குத் தெரியும் அத்தான். நட்சத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கீறல் விழுந்த டார்ச் கண்ணாடி, மேலே ஏறுகிற வரிகள், நான் கேட்டும் வராத அந்த எண். எல்லாம் ஒன்று சேர்ந்துவிட்டன.

உங்களுக்குக் கண் தெரியவில்லை.

அப்படியானால் என் கடிதங்களை யார் படிக்கிறார்கள்? சந்துரு தம்பியா? ஐயோ, பேப்பர் திருப்புகிற சத்தம், அது இது என்று என்னென்னவோ எழுதிவிட்டேனே. சரி, எழுதியது எழுதியதுதான். சந்துரு தம்பி, இனிமேல் வருவதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

நட்சத்திரங்களைத் திருப்பி அனுப்புவதா என்று கமிட்டி கூடியது. ஜெபமணி அண்ணன்தான் முதலில் சிரித்தார். “நம்ம பிள்ளைக எவனுக்கு தமிழ் படிக்கத் தெரியும்? தெரிஞ்ச கிழடுக எல்லாம் தானா சரியாத்தான் வாசிக்கும். தொங்க விடுங்கப்பா!” நேற்று மாலை எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டோம். ஆளந்தி ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. நீலா தாயி தனக்கும் ஒன்று வேண்டும் என்று வாங்கிப்போய்க் கீழே மாட்டியிருக்கிறாள். ஒரு நட்சத்திரமும் ரிஜெக்ட் ஆகவில்லை.

நான் இத்தனை மாதமாக உறைமேல் வரைகிற சீன எழுத்தை நினைத்துப்பாருங்கள். கோடு கூடும், குறையும், சாயும். உங்கள் காவல்காரர் ஒரு தடவையாவது திருப்பி அனுப்பினாரா? கடிதம் சேர வேண்டிய இடம் அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கப்பல் கூலிக் கணக்கு வியாபாரிக்குச் சரி. சந்தையில் விலை பார்ப்பார்கள். வீட்டில் யார் பார்க்கிறார்கள்? சொசைட்டிப் படிக்கட்டில் கைப்பிடி இருக்கிறது. மறு பக்கம் நான் இருக்கிறேன். கண் டாக்டரிடம் கேட்டுவைத்தேன். நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

நீங்கள் வராவிட்டால் நான் வருவேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். சீனாவைக் குச்சியால் காட்டியது போதும்.

உங்கள்
ஈனிட்


யீவூ
24 டிசம்பர் 2025

ஈனிட்டுக்கு,

உன் கடிதத்தைச் சந்துருதான் படித்தான். முதல் கடிதத்திலிருந்து அவன்தான் படிக்கிறான். பால்கி வந்த கடிதத்தில் நாற்காலி வந்த இடத்தில் இருமிவிட்டு வெளியே போய்விட்டான். நேற்று அவன் பெயர் வந்ததும், “அக்கா என்னைத் திட்டலையே அண்ணே?” என்று இரண்டு முறை கேட்டான்.

நேராகப் பார்த்தால் நடுவில் மூடுபனி. ஓரத்தில் மட்டும் தெரிகிறது. சர்க்கரையால் வந்தது. எண்ணைக் கேட்காதே, டாக்டரிடம் சொல்கிறேன். அட்டையில் வரி அளவுக்குத் திறப்பு வெட்டி, அதைத் தடவிக்கொண்டு இந்த வரிகளை எழுதுகிறேன். அதனால்தான் நேராக இருக்கின்றன.

நீ வர வேண்டாம். முட்டி வலிக்கும். சந்துரு குவாங்சோவரை கூட வந்து விமானம் ஏற்றிவிடுகிறான். கொல்கத்தாவில் மாறி வர வேண்டும். லோகேகாவில் நிற்கும்போது எனக்கு நேர் எதிரே நிற்காதே. கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி நில். அங்கே நின்றால்தான் உன்னைப் பார்க்க முடியும்.

கீழே உள்ள ஒரு வார்த்தையை மட்டும் அட்டை இல்லாமல் எழுதுகிறேன். கொம்பு சரியான எழுத்துக்கு முன்னால்தான் விழுந்திருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

வருகிறேன்.

எட்மண்ட்